மறு: மறு: கரெக்டர் உருவாக்கலுக்கு ஒரு சொல் (வியாழனுக்குள் வேணும்)

உவர்மலை, திங்கள் இரவு

வணக்கம். சனிக்கிழமைகளில் பெடியளோடு பகடை உருட்டிக் கதை விளையாடுகிறோம் என்பது குழுவில் பலருக்குத் தெரியும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராக (கரெக்டர்) விளையாடுவார்கள். விதித்தாள் எட்டுப் பக்கம் தமிழில் முடிந்துவிட்டது. வியாழன் பின்னேரம் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஓர் இடம்தான் வெறுமையாகக் கிடக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் விளையாடுபவரும் நடத்துபவரும் கூடியிருந்து, இருவருக்கும் சரிவருகிற மாதிரி ஓர் ஆளை உண்டாக்குகிறார்களே, அந்த வேலைக்கு என்ன பெயர்?

ஏன் இந்த அந்தரம் என்றால், போன மாதம் ஒரு பெடியன் தன் தாளில், "கொட்டியாரக்குடா மீனவன். தகப்பன் கடலோடு போனவர். ஒருத்தரையும் நம்பமாட்டான். தனியத்தான் இருப்பான்" என்று எழுதிக்கொண்டு வந்தான். அருமையான ஆள்தான். ஆனால் நான் வைத்திருந்த கதை, சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றுக்குள் இரவில் கேட்கிற சத்தத்தைப் பற்றியது. மற்ற மூன்று பேரும் வள்ளத்தில் ஏறிவிட்டார்கள். இவன், "என்ர ஆள் வரமாட்டான், வலை பொத்துறான்" என்றான். ஒன்றரை மணித்தியாலம் வலை பொத்தினான். பிழை என்னுடையது. கதைக்கு என்ன தேவை என்று நான் முதலே வாய் திறக்கவில்லை. "தகப்பனின் வள்ளத்தைக் கடைசியாகக் கண்டது சீனக்குடாப் பக்கம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முதல் ஆளாய் ஏறியிருப்பான். அவன் ஆளும் கெடாது, என் கதையும் நகரும்.

'பாத்திரப் படைப்பு' என்று போட்டுப் பார்த்தேன். உயர்தரப் பரீட்சை வினா மாதிரி இருக்கிறது.

மூதூர், செவ்வாய் காலை

தம்பி, பாத்திரம் வடசொல். அதைவிட, பிள்ளைகள் சட்டிபானையைத்தான் நினைப்பார்கள். 'ஏற்புரு' என்று வையும். வேரைப் பாரும்: ஏல். வேடம் ஏற்றல், விளையாடுபவருக்கு. ஏற்றுக்கொள்ளல், நடத்துபவருக்கு. ஏற்றது என்றால் பொருத்தமானது, இருவருக்கும். நீர் கேட்ட மூன்றும் ஒரே வேரில் கிடக்கின்றன. நடத்துபவரைக் கூத்தில் அரசன் வரவைக் கூறும் 'கட்டியங்காரன்' என்னலாம்.

நிலாவெளி, செவ்வாய் மத்தியானம்

சேர், கோபிக்க வேண்டாம். 'ஏற்பது இகழ்ச்சி' என்று ஆத்திசூடி படிப்பித்துவிட்டு, அதே வகுப்பில் ஏற்புரு செய்யச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சீவக சிந்தாமணியில் அமைச்சன் கட்டியங்காரனை நம்பி அரசைக் கொடுத்த சச்சந்தன் அவனாலேயே செத்தான் என்று அதைப் படித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடத்துபவரைப் பிள்ளைகள் நம்பவேண்டாமா?

என் சொல்: வேடப் பொருத்தம். பொருத்தம் என்ற உடனேயே இரண்டு பக்கம் இருக்கிறது என்பது விளங்கும். "வேடப் பொருத்தம் பார்த்தாச்சா?" என்று வாயிலும் வரும். வாயில் வராத சொல் தாளோடு போய்விடும்.

வெருகல், செவ்வாய் இரவு

என்ர அம்மப்பா வடமோடிக் கூத்து ஆடினவர். கூத்துப் பழகத் தொடங்கமுன் 'சட்டம் கொடுத்தல்' என்று ஒரு நாள் உண்டு. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் உயரம், குரல், கால் எல்லாம் பார்த்து "நீ தருமர், நீ வீமன்" என்று அவரவர் பாட்டை எழுதிக் கையில் கொடுப்பார். அம்மப்பாவுக்கு வீமன் ஆட ஆசை. குரல் மெல்லிசு என்று திரௌபதை கிடைத்தது. சாகும்வரை ஊரில் அவர் திரௌபதைதான்.

1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற, இதே மாதிரிப் பகடைக் கதை விளையாட்டின் முதற்பதிப்பிலும் ஏறக்குறைய இதே கதைதான். நடத்துபவருக்குப் பெயர் 'ரெஃபரி'. ஆளின் ஆறு இயல்புகளுக்கும் மும்மூன்று பகடையை அவரே உருட்டுவார். 3 வந்தாலும் 18 வந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் வீரனா மந்திரவாதியா என்று யோசிக்கலாம். ஆகவே நடத்துபவருக்கு அண்ணாவியார் என்று போடுங்கோ, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உவர்மலை அண்ணை கேட்கிற வேலைக்குச் 'சட்டம் கொடுத்தல்' சரிவராது. அது ஒருபக்கக் கொடுப்பு. அம்மப்பாவிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

மூதூர், புதன் காலை

அண்ணாவியாருக்கு உடன்பாடு. வேடப் பொருத்தத்துக்கு இல்லை. ஒன்று, சாத்திரியார் வாசனை. பத்தில் எத்தனை பொருந்த வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டு, வேடத்தை வடமொழி 'வேஷம்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அதை வேய்தல் என்பதிலிருந்து கொள்வேன். கூரை வேய்வது, முடி வேய்வது, மேலே போட்டு மூடுவது. அப்படியானால் வேடம் வெளிப்போர்வை மட்டும்தானே? உம்முடைய மீனவனுக்குத் தகப்பன் காணாமற்போனது போர்வையா?

இன்னொன்று. பகடை என்று எழுதியிருக்கிறீர். கவறு என்று எழுதும். 'கவறும் கழகமும்' என்று வள்ளுவர் சூது அதிகாரத்தில் சொல்கிறார். அங்கே கழகம் என்றால் சூதாடும் இடம். இதை யோசியாமல் பல்கலைக்கழகம் என்று வைத்தவர்களைப் பற்றி நான் தனி மடல் எழுதுவேன்.

நிலாவெளி, புதன் மத்தியானம்

எழுதுங்கோ சேர், ஆனால் வியாழனுக்குப் பிறகு.

உவர்மலை, புதன் இரவு 11.40

வாக்குச் சொன்ன ஐந்து பேரில் மூன்று வேடப் பொருத்தம், ஒன்று ஏற்புரு, ஒருவர் 'கரெக்டர் செய்தல் என்றே விடுங்கோ' என்கிறார். பத்துப் பொருத்தப் பயம் எனக்கும் உண்டு. நித்திரையும் வருகிறது. தாளில் 'வேடப் பொருத்தம்', 'அண்ணாவியார்', 'பகடை' போகிறது. பின்னேரம் மீனவப் பெடியனிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அப்ப அண்ணாவியாருக்கும் என்ர ஆளைப் பிடிக்கவேணுமோ?" என்றான். ஓம் என்றேன். பேனை கேட்டான்.

மூதூர், வியாழன் காலை 5.15

அடைப்புக்குறிக்குள் ஏற்புருவையும் போடலாமே. எட்டாம் பக்கத்தில் கீழே இடம் இருக்கிறது, பார்த்தேன்.