கலைச்சொல் தேவை: மணல் ஈ முட்டையிட்டு வளரும் இடம்

கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். பூச்சிகள் பரப்பும் நோய்களைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பீகார் கிராமங்களில் காலா அசார் (கருங்காய்ச்சல்) நோயைப் பரப்பும் மணல் ஈ எங்கே பெருகுகிறது என்று ஓர் இயல் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஒற்றைச் சொல் கிடைத்தால் நல்லது. ஏடிஸ் கொசுவுக்கு நம் நாளிதழ்கள் எழுதும் "இனப்பெருக்க இடம்" இங்கே பொருந்தவில்லை. இந்த ஈக்கள் இணைசேர்வது மாட்டின் மேலும் மாட்டை ஒட்டியும்தான். முட்டை இடுவதோ கொட்டகையின் ஈரமண்ணில். எனக்கு வேண்டியது இரண்டாவது இடத்தின் பெயர்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

"ஈனிடம்" என்று சொல்லுங்கள். "ஈன்று புறந்தருதல்" புறநானூற்றில் உண்டு. தாய்க்கு மட்டுமல்ல, வாழை குலை தள்ளினாலும் ஈன்றது என்கிறோம். ஈன், ஈனுதல், ஈற்று, ஈற்றுப்பசு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. குடிநீர், ஊறுகாய் போல ஈனிடமும் வினைத்தொகை. இவ்வளவு செழிப்பான வேர் இருக்கும்போது "இனப்பெருக்கம்" என்று இழுப்பானேன்?

பினாங்கு, அறிவியல் ஆசிரியை:

ஐயா, என் மாணவர்கள் அதை "ஈனமான இடம்" என்றுதான் படிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நோய் பரப்பும் பூச்சி எங்கே வளரும் என்று கேட்டால் வகுப்பு முழுக்கத் தண்ணீர் என்கிறது. பூச்சட்டித் தட்டு, பழைய டயர், வாளி. டெங்கிப் பிரச்சாரம் அப்படிப் பதிந்திருக்கிறது. மணல் ஈக்குத் தேங்கிய நீரே தேவையில்லை. இருட்டு, ஈரம், மட்கும் சாணம், சருகு இருந்தால் போதும். அதைத் தின்றே புழு வளரும். மாட்டுக்கொட்டகைத் தரை, மண்சுவர் வெடிப்பு, எலிவளை, கறையான் புற்று, மரப்பொந்து எல்லாம் அதற்கு வீடுதான். முட்டை ஈயாக ஒன்றிரண்டு மாதம் ஆகலாம்.

இன்னொன்று. அந்தப் புழுவை மண்ணில் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அதனால்தான் பீகாரில் மருந்தை வீட்டிலும் கொட்டகையிலும் உட்சுவர்களில் அடிக்கிறார்கள். வளர்ந்த ஈ பகலில் ஒதுங்கும் இடம் அது. ஆகவே நமக்கு இரண்டு சொல் வேண்டும்: ஈ தங்குமிடம், ஈ பெருகுமிடம். இரண்டும் குழம்பினால் படிப்பவர் சுவருக்கு மருந்தடித்துவிட்டுத் தரையில் கிடக்கும் சாணத்தை அப்படியே விட்டுவிடுவார்.

கோலாலம்பூர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்:

எங்கட பாடநூல்களில் புழுப் பருவத்தைக் "குடம்பி" என்பார்கள். நுளம்புக் குடம்பி, அதாவது கொசுப்புழு, என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். "குடம்பியிடம்" என்று வைத்தால் அங்கே இருப்பது ஈ இல்லை, அதன் இளம்பருவம் என்று சொல்லே காட்டிவிடும்.

பட்டர்வொர்த்:

குடம்பி, குடம்பையோடு உறவுள்ள சொல்தானே? உடலை விட்டுப் போகும் உயிரைப் பறந்துபோகும் பறவையோடு ஒப்பிடும் "குடம்பை தனித்தொழிய" என்ற குறளில் உரையாசிரியர் பரிமேலழகர் அதற்கு முட்டை என்று பொருள் கொள்கிறார். கூடு என்று கொண்டவர்களும் உண்டு. பறவை கூட்டுக்குத் திரும்பும், முட்டைக்குள் திரும்பாது. உடலை விட்ட உயிர் திரும்புவதில்லை என்பதால் முட்டைதான் சரி. அப்படியானால் முட்டையைக் குறித்த சொல்லைப் புழுவுக்குத் தருவது முறையா?

யாழ்ப்பாணத்தவர்:

கூடு என்றாலும் பொருள் கெடாது ஐயா. குஞ்சு வளர்ந்து பறந்தபின் அந்தக் கூடு வெறுங்கூடுதானே. குடம், குடி, குடில், குடம்பை எல்லாமே வளைந்து மூடி உள்ளே ஒன்றைக் காப்பவை. புழுவும் அப்படித்தான், தனக்குள் ஓர் ஈயை வைத்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:

குறளைத் தனி இழையில் தொடரலாமா? இன்று புதன். மலேசிய வாசகர் "குடம்பி"யைக் கேள்விப்பட்டதே இல்லை. கொசுப்புழுவுக்கு மலாயில் சொல்லும் ஜெந்திக் ஜெந்திக் என்றால்தான் தெரியும்.

நிபோங் திபால், தோட்டத்தில் வளர்ந்த வாசகர்:

"மணல் ஈ" என்ற பெயரையும் கொஞ்சம் பாருங்கள். நம் கடற்கரையில் கடிப்பதையும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். மலாயில் அது அகாஸ், வேறு குடும்பத்துப் பூச்சி. கையேட்டில் இருப்பது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளராது, தத்தித் தத்திப் பறக்கும், உட்கார்ந்தால் இறக்கையைத் தூக்கி வைத்திருக்கும். இதை ஒரு வரி எழுதாவிட்டால் பினாங்கில் படிப்பவர் கடல் மணலைத்தான் கிளறுவார். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னாலும் மாட்டுக்கொட்டகை இருந்தது. பெரியவர்களுக்குக் "கொட்டகை ஈரமண்" என்றாலே போதும், கலைச்சொல் எதற்கு?

ஆசிரியை:

தேர்வில் வரையறை கேட்பார்கள், அதற்காகத்தான். "பெருகிடம்" என்று சுருக்கிக்கொள்வோம். முதல் முறை வரும்போது "முட்டையும் புழுவும் வளரும் ஈரமண்" என்று விளக்கம் தரலாம். ஈ ஒதுங்குவதற்குத் "தங்கிடம்".

மொழிபெயர்ப்பாளர்:

இதுவரை நால்வர் பெருகிடத்துக்குச் சரி என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். அதையே போடுகிறேன். அகாஸ் பற்றிய அடிக்குறிப்பும் சேர்க்கிறேன்.

பட்டர்வொர்த்:

போடுங்கள். ஆனால் என் எதிர்ப்பைப் பதிவுசெய்யுங்கள். கடனும் பெருகும், வெள்ளமும் பெருகும். முட்டை இடுவதைப் பற்றி "பெருகிடம்" ஒன்றும் சொல்லவில்லை. நான் தொகுக்கும் சொற்பட்டியலில் "ஈனிடம்" என்றே இருக்கும். குடம்பைக்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.