புதுப்பிப்பு: "சேர்க்க முடியாது" என்று வாயால் மட்டும் சொன்னால்

சக்கர நாற்காலிப் பிள்ளையைக் காரைக்குடிப் பக்கம் பள்ளி மறுத்தால் என்ன செய்வது என்று முன்பு எழுதியதில் விட்டுப்போனவை இவை.

சேர்க்கை மனுவின் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல்தான் பல முறையீடுகள் படுத்துவிடுகின்றன. மனுவில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 16, 31 இரண்டையும் குறிப்பிடுங்கள். 6 முதல் 18 வயதுக்கு இலவசக் கல்வி தரும் பிரிவு 31-க்கு 40 சதவீத மாற்றுத்திறன் இருப்பதாகச் சான்று வேண்டும். பாகுபாடில்லாமல் சேர்க்கச் சொல்லும் பிரிவு 16-க்கு எந்தச் சதவீதமும் தேவையில்லை. அது அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியையும் கட்டுப்படுத்தும். ஆகவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகக் காத்திருந்து வருஷத்தை இழக்காதீர்கள்.

"வாசல் உயரமாச்சே" என்பார்கள் பள்ளியில். நம்மூர்க் கட்டடங்களில் அது நிஜம்தான். 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளச் சாய்தளம் வேண்டும். குட்டையான பலகையைச் சாய்த்தால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்!

பதில் வராவிட்டால், முத்திரை நகலோடு திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.