கொடையாளர் பணம் சிறிய நாட்டின் நிர்வாகத்தை வளர்க்கிறதா, தேய்க்கிறதா?

நெடுவழி:
வெளிநாட்டு உதவி வந்தால் சிறிய நாட்டின் நிர்வாகம் தானாகவே வலுப்பெறும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கேடு பணத்தில் இல்லை; அது வந்து சேரும் வழியில் இருக்கிறது. கொடையாளர் தம் திட்டத்துக்கெனத் தனி அலுவலகம், தனி வங்கிக் கணக்கு, தனிக் கொள்முதல் விதி, தனித் தணிக்கை என அமைத்துக்கொண்டு, அமைச்சகத்திலுள்ள நான்கைந்து தேர்ந்த அதிகாரிகளில் இருவரைப் பல மடங்கு சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டால், பெரிய நாடு அதை உணராமலே இருக்கக்கூடும். சில ஆயிரம் ஊழியர்களே உள்ள நாட்டிலோ வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் பிரிவே முடங்கிவிடும். மிஞ்சியவர்களின் நாட்கள் ஆய்வுக்குழுக்களைச் சந்திப்பதிலும், ஒவ்வொரு கொடையாளரும் கேட்கும் படிவத்தில் அறிக்கை எழுதுவதிலும் கழிகின்றன. கொடையாளர்களே ஒப்புக்கொண்ட குறை இது. இத்தகைய இணை அலுவலகங்களை 2010க்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாக உதவி தரும் நாடுகளும் பெறும் நாடுகளும் ஏற்ற 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனத்தில் உறுதியளித்தார்கள். அந்தப் பிரகடனத்தின் 13 இலக்குகளில் எட்டப்பட்டது ஒன்றுதான், அது இதுவன்று.

பேரேடு:
நோயைச் சரியாகச் சொன்னீர்கள், ஆனால் எல்லாப் பணமும் கருவூலம் வழியாகவே செல்ல வேண்டும் என்பதுதான் உங்கள் மருந்து என்றால், ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2013இல், வராத பொருளுக்கும் செய்யாத வேலைக்கும் அரசின் கணினிக் கணக்குமுறை வழியாகவே தனியார் நிறுவனங்களுக்குப் பணம் வழங்கிவிட்டு, அந்தப் பதிவுகளை அழித்தார்கள். ஆறு மாதங்களில் போனது ஏறத்தாழ 3 கோடி டாலர். அதன்பின் கொடையாளர்கள் வரவுசெலவுக்கான நேரடி உதவியை நிறுத்தியபோது, திருடாத துறைகளும் சேர்ந்தே தவித்தன. தனி அலுவலகம் வைப்பவர்களை ஆணவக்காரர்கள் என்று மட்டும் பார்ப்பது நியாயமாகாது.

நெடுவழி:
அதே மலாவி வேறொன்றையும் காட்டுகிறது. செவிலியரும் மருத்துவ உதவியாளரும் அரசுப் பணியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், 2004இல் தொடங்கிய அவசரத் திட்டத்தின்படி பிரிட்டனும் பிற கொடையாளர்களும் தந்த நிதியைக் கொண்டு அவர்களின் சம்பளம் 52 விழுக்காடு உயர்த்தப்பட்டது. வெளியே ஓர் அலுவலகம் திறந்து ஆட்களை இழுக்காமல், அரசுப் பதவியில் இருப்போரை அங்கேயே தக்கவைக்க அந்தப் பணம் பயன்பட்டது.

பேரேடு:
கொடை நின்றதும் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது?

அலைகரை:
இந்தக் கேள்வியை இருவரும் முன்பே கேட்டிருக்க வேண்டும். 1966இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் அன்றாட நிர்வாகச் செலவில் ஏறத்தாழப் பாதியைத் தொடக்கத்தில் பிரிட்டன் ஏற்றது. ஆனால் திட்டமிடலையும் வரவுசெலவையும் ஒரே அமைச்சகத்தில் வைத்து, தேசியத் திட்டத்தில் இடம்பெறாத எந்தக் கொடைத் திட்டத்தையும் மறுக்கும் துணிவு அந்த அரசுக்கு இருந்தது. வைரம் கிடைத்ததால்தான் அது முடிந்தது என்பீர்கள். அப்படியானால் வைரமில்லாத, ஏறத்தாழப் பத்தாயிரம் பேரே வாழும் பசிபிக் தீவு நாடான துவாலுவைப் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளும் துவாலுவும் சேர்ந்து 1987இல் ஓர் அறக்கட்டளை நிதியை நிறுவின. அந்த நிதி சந்தையில் முதலீடு செய்யப்படுகிறது. பணவீக்கத்துக்கு ஏற்ப முதலின் மதிப்பு காக்கப்பட்ட பிறகு மிஞ்சும் வருவாய் மட்டுமே அரசுக்குச் செல்கிறது, அதை எதற்குச் செலவிடுவது என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்கிறது. ஆண்டுதோறும் கொடையாளர் முன் போய் நிற்கத் தேவையில்லாத அதிகாரி தன் வேலையைச் செய்ய முடிகிறது.

பேரேடு:
துவாலுவின் ஏற்பாட்டை நானும் மதிக்கிறேன். சந்தை சரியும் ஆண்டுகளில் அங்கே வருவாயே வராமல் போகக்கூடும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தனி அலுவலகங்களைப் பற்றிய என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். அவை இருக்கலாம், ஆனால் அவற்றின் தணிக்கை அறிக்கை கொடையாளரின் தலைநகருக்குப் போவதற்கு முன்பு, அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குச் செல்ல வேண்டும்.

நெடுவழி:
அதோடு, அந்த அலுவலகம் மூடப்படும் நாளையும், அதன் ஊழியர்கள் எந்தத் துறைக்கு, எந்தச் சம்பளத்தில் திரும்புவார்கள் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இதை எழுதாத ஒப்பந்தத்தில் எந்த நிதியமைச்சரும் கையெழுத்திடக் கூடாது என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன்.