மீண்டு வருவதும் வராததும்: நம் கடற்கரையில் பார்த்தவை

தேவிபட்டினம் ஆசிரியை:
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மீள் மாற்றம், மீளா மாற்றம் நடத்தப் போகிறேன். ஐஸ் உருகுவதும் காகிதம் எரிவதும் அவர்களுக்கு மனப்பாடம். நம் அடுப்படியிலும் தொழிலிலும் நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். இயற்பியல் மாற்றம் என்றால் மீளும், வேதியியல் மாற்றம் என்றால் மீளாது என்று கோடு போட்டுப் பிரித்துவிடுகிறோம். அந்தக் கோடு எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க ஆசை.

கீழக்கரை லாத்தா:
நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி இல்லாமல் இருக்காது. பாசியைக் கொதிக்கவிட்டு நன்றாகக் கரைத்து, பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் ஆறியதும் உறைந்துவிடும். இனிப்பு குறைந்துவிட்டதா? வெட்டிச் சட்டியில் போட்டு மறுபடி காய்ச்சுங்கள், கரைந்துவிடும். சீனி போட்டு ஊற்றினால் திரும்பவும் உறையும். உறைவது 40 டிகிரிக்குப் பக்கத்தில், உருகுவதோ 85 டிகிரி அளவில். அதனால்தான் சித்திரை வெயிலில்கூட ஃப்ரிட்ஜ் இல்லாமல் நிற்கிறது.

பெருநாள் வட்டலப்பம் அப்படியில்லை. முட்டை, தேங்காய்ப்பால், சீனி கலந்து ஆவியில் வைக்கிறோம். முட்டையில் இருக்கிற புரதம் சூட்டில் விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்புறம் என்ன செய்தாலும் பழைய கலவை வராது. தீ அதிகமானால் தண்ணீர் விட்டு, துளைதுளையாகிவிடும். அதற்கும் மருந்து கிடையாது. பார்த்தால் இரண்டுமே துண்டு போடுகிற பண்டம்தான். இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்துப் பிள்ளைகள் முன்னால் சூடாக்கிக் காட்டுங்கள் டீச்சர்.

வாலிநோக்கம் உப்பளத்தான்:
மீளும் என்பதுதான் எங்களுக்குப் பயமே. கடல் தண்ணீரில் உப்புகள் சுமார் 3.5 சதவீதம். அதைப் பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் வற்றவைத்து, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் (இது சூடு அல்ல) 25 டிகிரி வந்தால்தான் சோற்றுப்பு படியத் தொடங்கும். ஜிப்சம் அதற்கு முன்பே படிந்துவிடும். வாருகிற சமயத்தில் ஒரு மழை அடித்தால் போதும், அத்தனையும் கண்முன்னே கரையும். பொருள் எங்கும் போகவில்லை, உப்பு தண்ணீருக்குள்தான் இருக்கிறது. போனது வெயிலும் உழைப்பும்.

29, 30 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும் என்பதால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவோம். அதனால் எங்கள் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் தண்ணீர் கிடைக்காது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

சாயல்குடி பனைக்காரர்:
பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறோம். கருப்பட்டியைக் கரைத்தால் பானகம்தான் வரும், பதநீர் வராது. காய்ச்சும்போது வந்த நிறமும் மணமும் புதுசு, அது போகாது.

பாம்பன் போட் வேலை:
பைபர் வள்ளத்துக்கு ரெசின் என்கிற திரவப் பிசினில், அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பிறகு நேரம் நம் கையில் இல்லை. டப்பா தானாகச் சூடேறும், கெட்டியாகும். இறுகிய ரெசினை எவ்வளவு காய்ச்சினாலும் உருகாது, கருகத்தான் செய்யும். நடுப்பகல் வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் ஹார்டனரைக் குறைத்து ஊற்றுவோம்.

துருவும் இப்படித்தான். உப்புக்காற்றின் ஈரம் இரும்பின்மேல் மின்சாரம் ஓட வழி போட்டுக் கொடுக்கிறது, அதனால் அரிப்பு வேகமாகிறது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குக் காலமெல்லாம் பெயிண்ட் அடித்து வந்ததற்கு இந்தக் காற்றுதான் காரணம். 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். துருவைச் சுரண்டலாம், போன இரும்பு வராது. எனக்கென்னவோ டீச்சர் போட்ட கோடு சரியென்றே படுகிறது.

மண்டபம் கொத்தனார்:
தம்பி, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுண்ணாம்பைப் பாருங்கள். கிளிஞ்சலைக் காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணல் சேர்த்துச் சுவரில் பூசினால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி இறுகும். கடைசியில் சுவரில் நிற்பது எது? கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட். மூன்றுமே வேதியியல் மாற்றம், ஆனாலும் பொருள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. தனுஷ்கோடி இடிபாடுகளில் பவளக் கல்லையும் சுண்ணாம்புப் பூச்சையும் தொட்டுப் பாருங்கள், இரண்டும் அடிப்படையில் ஒரே பொருள். (பவளம் எடுப்பது இப்போது சட்டப்படி குற்றம், அது வேண்டும்தான்.)

இதற்கு நேர் எதிராக, ஒரு கிளிஞ்சலைச் சுத்தியலால் உடையுங்கள். அது வெறும் இயற்பியல் மாற்றம். ஒட்டவைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

துருவும்கூட உலையில் கரியோடு போட்டால் இரும்பாகும். இரும்புத் தாதுவிலிருந்து இரும்பு எடுப்பதே அப்படித்தானே? வீட்டில் முடியாது, அவ்வளவுதான்.

தேவிபட்டினம் ஆசிரியை:
கொத்தனார் அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கரும்பலகையில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கேள்வி எழுதப் போகிறேன்: புதுப் பொருள் உண்டானதா? பழையது வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? உப்பு, கருப்பட்டி, கடல்பாசி, துரு என ஒவ்வொன்றையும் பிள்ளைகளே இரண்டிலும் வைத்துப் பார்க்கட்டும்.

பழைய சுவரிலிருந்து உதிர்ந்த காரைத் துண்டில் வினிகர் விட்டால் நுரைக்கும், சுவர் உறிஞ்சிய வாயு வெளியே வருவதுதான் அது. புதிதாக நீற்றிய சுண்ணாம்பில் அப்படி நுரை வராது. இதை நானே செய்து காட்டுவேன். சுட்ட சுண்ணாம்பை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவர மாட்டேன். தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வேறு யாராவது வீட்டில் பிள்ளைகளோடு செய்வதாக இருந்தாலும் அதைத் தொடவே வேண்டாம்.