நல்ல மனிதருக்கு ஏன் அது கண்ணில் படவில்லை? பிண்டோ கார் பற்றி ஒரு விவாதம்

வைகைக்கரை:
டென்னிஸ் ஜியோயாவைப் பற்றிப் பேச ஆசை. 1973-ல் ஃபோர்டு நிறுவனத்தில், பழுதுள்ள கார்களைத் திரும்ப அழைக்கலாமா என்று பார்க்கும் பொறுப்பில் இருந்தவர். மாணவப் பருவத்தில் பெரிய கம்பெனிகளின் போக்கைக் கேள்வி கேட்டவர். பின்னாலிருந்து இடித்தால் பிண்டோவின் பெட்ரோல் டேங்க் கிழிந்து தீப்பிடிக்கிறது என்ற புகார்கள் அவர் மேசைக்கு வந்தன. எரிந்த பிண்டோ ஒன்றைக் கிடங்கில் நேரிலேயே பார்த்தார். அப்புறமும், திரும்ப அழைக்க வேண்டாம் என்றுதான் வாக்களித்தார். 1975-ல் வேலையை விட்டார். 1978-ல் பிண்டோவும் அதே அடித்தளம் கொண்ட பாப்காட்டுமாகச் சுமார் 15 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. 1992-ல் அவரே ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார்: அன்று அது ஓர் அறப் பிரச்சினையாகவே தன் மனதில் படவில்லை என்று.

அறக் கற்பனை என்று நான் சொல்வது இதைத்தான்: என் கையெழுத்தால் யார் என்ன ஆவார்கள் என்று மனதில் பார்ப்பது, முன்னால் வைத்த வழிகளுக்கு அப்பால் இன்னொரு வழி இருக்கிறதா என்று தேடுவது. 'நான் நேர்மையானவன்' என்ற நினைப்பு இதை வளர்க்காது என்பது என் கட்சி. உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் தீர்மானிக்கிறது.

தாழம்பூ:
ஒத்துக்கொள்ள மாட்டேன். 1940 கோடையில் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரத்துக்கு வாருங்கள். யான் ஸ்வார்ட்டென்டைக், பிலிப்ஸ் கம்பெனியின் அங்குள்ள மேலாளர். சில வாரங்களுக்கு முன்புதான் நெதர்லாந்தின் தற்காலிகத் துணைத் தூதராகப் பொறுப்பேற்றவர். யூத அகதிகளின் பாஸ்போர்ட்டில் அவர் எழுதியது ஒரே செய்தி: கரீபியனில் நெதர்லாந்து ஆண்ட குராசாவ் தீவுக்குப் போக விசா தேவையில்லை. ஆளுநர் அனுமதித்தால்தான் கரையிறங்க முடியும் என்ற மிச்சத்தை விட்டுவிட்டார். அந்தக் குறிப்பைக் காட்டித்தான் அங்கிருந்த ஜப்பானியத் துணைத் தூதர் சுகிஹாராவிடம், ஜப்பான் வழியாகப் போகப் பயண விசா வாங்கினார்கள். தோக்கியோ மறுத்தும் சுகிஹாரா கையாலேயே எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் 2,000-க்கும் மேல். இருவருக்கும் நாற்காலி இருந்தது, விதி இருந்தது, மேலிடம் இருந்தது. விதியில் எதைச் சொல்லாமல் விட்டால் ஓர் உயிர் தப்பும் என்று பார்க்கத் தெரிந்தது அந்த மனிதர்களுக்கு.

வைகைக்கரை:
அருமையான உதாரணம், ஆனால் பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். அந்த யோசனை ஸ்வார்ட்டென்டைக்குடையது இல்லை. பெஸ்லா லெவின் என்ற பெண் லாத்வியாவின் ரீகாவில் இருந்த நெதர்லாந்துத் தூதர் டி டெக்கரிடம், அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அவர் எழுதித் தந்தார். கௌனாஸில் அதையே பார்த்து எழுதினார்கள். கற்பனை பிறந்தது, உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த பெண்ணிடம்.

இன்னொன்று. 1973-ல் வெளியான, டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்களின் ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சமய குரு ஆகப் படித்த மாணவர்கள் 40 பேர் ஒவ்வொருவராக அடுத்த கட்டிடத்துக்குப் போகிறார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகுகிறார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். அத்தனை பேரும் சேவைக்கென்றே வாழ்க்கையைத் தேர்ந்தவர்கள்.

பம்புசெட்:
ஜியோயா பார்த்த மாதிரி வேலையை நானும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், மோட்டார் செய்யும் ஒரு கம்பெனி. வாரன்டி புகார் வந்தால் காரணம் குறித்து மூட வேண்டும். காயில் எரிந்திருந்தால் 'லோ வோல்டேஜ்' என்று போடுவது வழக்கம். நானும் போட்டேன். பொய் என்ற நினைப்பே வரவில்லை, ஏனென்றால் பல நேரம் அதுதான் காரணம்.

ஒரு நாள் பெரியவர் ஒருவர் எரிந்த காயிலை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தார். மேசையில் வைத்ததும் வார்னிஷ் கருகின வாசனை அறை முழுக்க. "தம்பி, நான் ஸ்டெபிலைசர் போட்டிருக்கேன். பக்கத்துக் காட்டுலயும் இதே மோட்டார், இதே மாசம் போயிருக்கு. ரெண்டையும் சேத்துப் பாருங்க" என்றார். அன்று சாயங்காலம் மூடின புகார்களை எல்லாம் எடுத்து வரிசை எண்படி அடுக்கினேன். 11 புகார், ஒரே தொகுதி.

வைகைக்கரை சொல்வது சரிதான், சேர்த்துப் பார்க்கச் சொன்னது அவர்தான். ஆனால் அதே பெரியவர் எனக்கு முன்னால் இன்னொருவரையும் பார்த்திருந்தார். அங்கே நாற்காலிகூடக் கிடைக்கவில்லை அவருக்கு.

தாழம்பூ:
பம்புசெட் அண்ணா, உங்கள் கடைசி வரியில்தான் என் வாதம் இருக்கிறது. கேட்பவர் வந்த பிறகு காது கொடுப்பது யார்? அக்கினோ, ரீட் என்ற இருவர் 2002-ல் அற அடையாளத்தை, அதாவது நல்லவராக இருப்பது ஒருவருக்குத் தன்னைப் பற்றிய நினைப்பில் எவ்வளவு முக்கியம் என்பதை, அளக்க ஒரு முறை வகுத்தார்கள். அதில் இரண்டு பக்கம் உண்டு. நல்ல குணங்கள் தன் உள்ளியல்பாகவே இருப்பது ஒன்று; நல்லவர் என்று பிறருக்குத் தெரியும்படி நடப்பது இன்னொன்று. இரண்டாவது மட்டும் இருந்தால் கற்பனை சுருங்கிவிடும் என்பது என் எண்ணம். கெட்ட பெயர் வராத வழியைத்தான் மனது தேடும். நாஜிக்களிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய 400-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆலினர் தம்பதி பேசித் திரட்டிய ஆய்வு 1988-ல் வந்தது. அடிப்பதைவிடக் காரணம் சொல்லித் திருத்திய பெற்றோர் அவர்களுக்கு அதிகம். சின்ன வயதிலேயே 'நீ இப்படிச் செய்தால் அவளுக்கு எப்படி இருக்கும்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த மனது அது.

வைகைக்கரை:
வளர்ப்பைப் பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது, அதை ஏற்கிறேன். ஆனால் ஜியோயா விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். எரிந்த காரைப் பார்த்தபோது அவருக்கு மனது கலங்கத்தான் செய்தது. திரும்பி வந்தால் மேசையில் இருந்த கேள்வி வேறு: எத்தனை முறை நடந்தது? காரணம் உறுதியா? இரண்டுக்கும் விடை போதவில்லை, கோப்பு மூடியது. அந்தப் படிவத்தில் 'உள்ளே யார் இருந்தார்கள்' என்று ஒரு வரி இருந்திருந்தால்?

பம்புசெட்:
எங்கள் படிவத்தில் அப்படி ஒரு வரி அப்புறம் சேர்த்தோம், 'வாடிக்கையாளர் சொன்னது' என்று. மூன்று மாதம் ஒழுங்காக நிரப்பினார்கள். இப்போது அதிலும் 'லோ வோல்டேஜ்' என்றுதான் எழுதுகிறார்களாம்.