மறு: எழுத்து ஒன்று, பொருள் வேறு – தமிழில் என்ன சொல்லலாம்?

> அரபியிலும் உருதுவிலும் ஒரே மாதிரி எழுதி, பொருள் மட்டும் மாறும் சொற்களைப் ‘போலி நட்புச்சொல்’ (ஆங்கிலத்தில் false friend) எனலாமே.

ஐயா, வணக்கம்.

‘போலி’ நம் இலக்கணத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது. நிலம்–நிலன், பந்தல்–பந்தர்: எழுத்து மாறும், பொருள் மாறாது. நாம் பெயர் தேடுவதோ இதற்கு நேர் எதிரானதற்கு. நட்பும் இங்கே ஒட்டவில்லை.

‘கரீப்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அரபியில் அந்நியன், விசித்திரமானது என்று பொருள். உருதுவிலும் இந்தியிலும் ஏழை. 1971 தேர்தலில் ‘கரீபி ஹடாவோ’ என்று கேட்டோமே, அதே கரீப்தான். ஊர்விட்டு வந்தவனுக்குக் கையில் என்ன இருக்கும்? நம் ‘பரதேசி’யும் இதே வழியில் போனவன்தான்: வேற்று நாட்டான் என்பது பிச்சைக்காரன் ஆகி, இப்போது வசவாகவே ஆகிவிட்டது.

‘கஸ்ம்’ இன்னும் வேடிக்கை. அரபியில் எதிராளி, கடைப் பலகையில் தள்ளுபடி. அதே மூன்றெழுத்து உருதுவில் ‘கஸம்’, அதாவது கணவன். வளைகுடாக் கடைவாசலில் ‘50% கஸ்ம்’ என்று தொங்குவதை உருதுக்காரர் படித்தால் அரைப் புருஷன்! (எதிராளி எப்படிக் கணவனானான் என்று என் மனைவியிடம் கேட்கவில்லை.)

> அப்படியானால் ‘ஒத்தெழுத்துச் சொல்’?

முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் கரீப் அதைக் கெடுக்கிறது. அதன் நடுவிலுள்ள ‘யா’ என்ற எழுத்துக்குக் கணினி தரும் யூனிகோடு எண் அரபியில் 1610, உருதுவில் 1740. சொல்லின் நடுவே இரண்டுக்கும் கீழே இரண்டு புள்ளி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ இரண்டும் வேறு எழுத்து. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி சமன்செய்யாமல் தேடினால் ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடிக்க முடியாது. ஆக, ஒப்பு எழுத்தில் இல்லை, உருவில்தான். அதனால் ‘ஓருருச்சொல்’ என்பது என் முன்மொழிவு.

– – –

தம்பி, போலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘படி’யும் ஓருருச்சொல்தானே? மாடிப்படி, அளக்கும் படி, பாடம் படி எல்லாம் ஒரே மொழிக்குள். மொழி தாண்டுவது பெயரில் தெரியவேண்டாமா? ‘அயல்’ எங்காவது வரட்டும்.

இன்னொன்று. இன்குலாப் உருதுவிலும் பாரசீகத்திலும் புரட்சி. அரபுச் செய்தித்தாளில் வந்தால் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டது என்று அர்த்தம். புரட்சிக்கு அவர்கள் ‘ஸவ்ரா’ என்பார்கள். இதில் யார் அயல்?

– – –

ஐயா, சரிதான். ‘உருவொத்த அயற்சொல்’ என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் விளக்கம் கேட்கமாட்டார்கள். நம் சொற்பட்டியலின் அட்டவணைத் தலைப்பில் ‘ஓருரு’ போதும்.

யார் அயல் என்பது எந்த மொழியிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. உருது அகராதிக்கு அரபி இன்குலாப் அயல். அரபி அகராதிக்கு உருதுவும் பாரசீகமும் அயல். நிலையான அயல் என்று ஒன்றைக் குறித்தால்தான் வம்பு.

அப்புறம், துருக்கி மொழியின் ‘கரிப்’பையும் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அங்கே அதற்கு விசித்திரம் என்று பொருள், உண்மைதான். ஆனால் 1928இல் அவர்கள் அரபு எழுத்தை விட்டு லத்தீனுக்குப் போய்விட்டார்கள். உருவே இல்லாதபோது ஓருரு ஏது? அந்த வரியை எடுத்துவிடுகிறேன்.