டி.என்.ஏவைப் புரதம் பிணைக்கிறதா, பற்றுகிறதா?

வணக்கம்.

நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் உள்ள 'டி.என்.ஏ பிணைப்புப் புரதம்' எனக்கு உறுத்துகிறது. பிணைப்பு என்றதும் மாணவர் மனத்தில் சகப்பிணைப்புதான் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிரும் வலுவான பிணைப்பு) வரும். ஃபேஜின் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) தலைக்குள் டி.என்.ஏ பொதியும்போது நடப்பது பெரும்பாலும் அதுவன்று.

லாம்டா ஃபேஜையே பாருங்கள். 48,502 கார இணை கொண்ட மரபணுத்தொகை, பல படிகள் ஒன்றோடொன்று கோத்த நீளச் சரமாகச் செல்லுக்குள் கிடக்கும். வெட்டுமிடத்தைக் காட்டுவது காஸ் பகுதி. அதில் ஆர்1, ஆர்2, ஆர்3 என மூன்று அடையாளத் தொடர்கள். டி.என்.ஏவை வெட்டிப் பொதியும் நொதியான டெர்மினேஸின் சிறு துணையலகு இவற்றைத் தேடி உட்காரும். ஆர்3-க்கும் ஆர்2-க்கும் நடுவே ஃபேஜ் தொற்றும் பாக்டீரியாவான ஈ.கோலையின் சொந்தப் புரதம் ஐ.எச்.எஃப் டி.என்.ஏவைக் கொண்டை ஊசி வளைவாக மடக்கிக் கொடுக்கிறது. தள்ளியிருந்த இரு தொடர்களும் பக்கத்தில் வந்துவிட, சிறு துணையலகுகள் இரண்டு சேர்ந்த இரட்டை, அவ்விரு தொடர்களையும் சேர்த்துப் பிடிக்கும். பெரிய துணையலகு இரு இழைகளையும் 12 காரம் தள்ளி வெட்டும். ஆகவே 'பற்று' என்கிறேன்: பற்றுப் புரதம், பற்றிடம்.

டெர்மினேஸுக்கு 'முடிவுறுத்தி' வேண்டாம். படியெடுப்பை (டி.என்.ஏவிலிருந்து ஆர்.என்.ஏ எழுதுவதை) நிறுத்தும் தொடரோடு குழம்பும். முனையை உண்டாக்குவதால் 'முனையாக்கி'.

*

ஐயா, பற்றும் முனையாக்கியும் சரி. ஆனால் பிணைப்பை அடியோடு தூக்கிவிட வேண்டாம். ஃபை29 என்ற இன்னொரு ஃபேஜில் ஜி.பி.3 புரதம் டி.என்.ஏவின் இரு 5′ முனைகளிலும் சகப்பிணைப்பாகவே ஒட்டியிருக்கிறது. உப்புச் செறிவைக் கூட்டினால் பற்று விட்டுவிடும், இது விடாது. புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் நொதி போட்டுச் செரித்தால்தான் போகும், போனால் பொதிதலும் படுத்துவிடும். இதற்கு 'முனைப்பிணை புரதம்' என்று தனிப் பதிவு வேண்டும்.

இன்னொன்று: டி.என்.ஏவைத் தலைக்குள் இழுக்கும் புரத மோட்டாருக்குப் பற்றும் பொருந்தாது. அதற்கு அடையாளத் தொடர் தேவையில்லை. பாஸ்பேட் முதுகெலும்பைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி (டிரைபாஸ்பேட்) ஏறியிருக்கையில் இறுகும், ஏ.டி.பி நிலையில் தளரும் (இரண்டாவது, 'டைபாஸ்பேட்' என்று படிக்கவும், தமிழில் எழுதினால் வரும் வம்பு இது). ஃபை29 மோட்டார் சுமார் 57 பிக்கோநியூட்டன் (நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) விசை வரை இழுக்கிறது. தலை நிறைய நிறைய எதிரழுத்தம் கூடும், பிடி தவறினால் டி.என்.ஏ பின்னால் வழுக்கும்.

'பிடி', 'வழுக்கல்' போதாதா?

*

போதும். 'பிடிப்பு' வேண்டாம், தசைப்பிடிப்பு நினைவுக்கு வரும். ஏ.டி.பி, ஏ.டி.டி.பி என்றெல்லாம் புதிதாக எழுத்து சேர்க்காமல், டிரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்று முழுதாகவே பட்டியலில் போடுகிறேன்.